திசுப் பாடம்: அட்டவணையை மூடிவிட்டு மீன் சந்தைக்குப் போங்கள்

பிளஸ் ஒன் விலங்கியலில் திசுப் பாடத்தைப் பெரும்பாலோர் அட்டவணையாகத்தான் படிக்கிறார்கள். இடது பக்கம் பெயர், வலது பக்கம் இருக்கும் இடம். பரீட்சை ஹாலில் ஒரு வரி மாறினால் மொத்தமும் கலைந்துவிடும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளையில் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எடுக்கிறேன். நான் அவர்களைக் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: அந்த இடத்தில் என்ன வேலை நடக்கிறது? அது தெரிந்தால் அமைப்பை நீங்களே சொல்லிவிடலாம்.

நுரையீரல் காற்றறையில் ஆக்சிஜன் சுவரைக் கடந்து ரத்தத்துக்குப் போக வேண்டும். சுவர் மெல்லிசாக இருந்தால்தான் முடியும். ஆகவே ஒரே அடுக்கு, தட்டையான செல்கள். சிறுகுடல் உறிஞ்சவும் வேண்டும், சுரக்கவும் வேண்டும். அதற்கு உயரமான தூண் செல்கள். மூச்சுக்குழலில் சளியை மேலே தள்ள வேண்டும், செல்களின் மேல் முடி போன்ற குறுயிழைகள் வந்துவிட்டன. தோல் தினமும் உரசப்படுகிறது. மேலே தேய்ந்தாலும் கீழிருந்து புதிய செல்கள் வர வேண்டும் என்பதால் பல அடுக்கு.

இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ஆட்டுக்குடல் நல்ல சாட்சி. குடலின் உட்பக்கம் தூண் எபிதீலியம் (எபிதீலியம் என்றால் உறுப்பின் பரப்பை மூடும் திசு). ஆனால் கூடவே கறிக்கடையில் தரும் பெரிய இரைப்பையின் உட்பக்கம், சிறு முளைகளோடு சொரசொரப்பாக இருக்குமே, அது பல அடுக்குத் தட்டை எபிதீலியம். காய்ந்த புல்லும் தழையும் உரசுகிற இடம் அல்லவா!

இணைப்புத் திசுவுக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். இங்கே செல்கள் நெருங்கி நிற்பதில்லை, நடுவில் நிரம்பியிருக்கும் பொருளான மேட்ரிக்ஸில் சிதறிக் கிடக்கும். அந்த மேட்ரிக்ஸ் எப்படிப்பட்டது என்பதுதான் ஒன்றை ரத்தமாகவும் ஒன்றை எலும்பாகவும் ஆக்குகிறது. கடலூர்ப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். முதுநகர் துறைமுகத்துப் பக்கம் மீன் வாங்கப் போனால் வஞ்சிரத்தையும் திருக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். வஞ்சிரத்தின் முள் எலும்பு. திருக்கைக்கும் சுறாவுக்கும் எலும்பே கிடையாது, உடல் முழுக்கக் குருத்தெலும்பு. அதனால்தான் குழம்பில் வெந்த திருக்கையை முள்ளோடு கடித்துச் சாப்பிட முடிகிறது.

அப்புறம் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கோழிக்காலின் வெட்டுப்பட்ட முனையில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும் நாண்களை இழுத்தால் விரல்கள் மடங்கும். அதுதான் டெண்டன், தசையை எலும்போடு கட்டுவது. எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட். ஒரு மார்க் கேள்வியில் இந்த இரண்டும் அடிக்கடி குழப்பும். விரல் மடங்கியதைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம் வராது. சுத்தம் செய்த மெல்லிய கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊறவைத்தால் கால்சியம் உப்பு கரைந்து, எலும்பு வளையத் தொடங்கும். மிச்சம் இருப்பது கொலாஜன் என்ற புரத நார். கடினம் உப்பால், இழுவலிமை கொலாஜனால் என்று அதன்பிறகு யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சு மருத்துவர் பிஷா மைக்ராஸ்கோப்பே இல்லாமல், உறுப்புகளை வேகவைத்தும் உலர்த்தியும் அமிலத்தில் போட்டும் பார்த்து 21 வகைத் திசுக்களைப் பிரித்தார். 1802-இல் அவர் இறந்தபோது வயது 30 தான்.

தசைத் திசு மூன்றே வகை. கோடுகள் உண்டா, உட்கரு எத்தனை, செல் கிளைக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். எலும்புத்தசையில் கோடுகளும் ஓரமாகப் பல உட்கருக்களும் இருக்கும். இதயத்தசையிலும் கோடு உண்டு, ஆனால் இழைகள் கிளைத்து, செல்கள் சேரும் இடத்தில் இடைத்தட்டுகள் தெரியும். மென்தசையில் கோடு கிடையாது, இரு முனையும் கூரான செல், நடுவில் ஒரே உட்கரு. நரம்புத் திசுவில் நியூரான், அதாவது நரம்பு செல்லின் படத்தை நன்றாக வரையக் கற்றால் பாதி வேலை முடிந்தது. நியூரான்களைத் தாங்கும் கிளியா செல்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செய்முறைத் தேர்வில் ஸ்லைடின் நிறத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும் ஏற்றப்பட்ட சாயம்தான், எல்லாத் திசுவிலும் வரும். முதலில் குறைந்த பெரிதாக்கத்தில் வைத்து, செல்கள் நெருக்கமா சிதறலா என்று பாருங்கள். நெருக்கம் என்றால் ஒரு பக்கம் வெற்றிடம் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் எபிதீலியம். அதன்பிறகுதான் அதிகப் பெரிதாக்கம். படத்தை ஸ்லைடில் தெரிவதைப் பார்த்தே வரையுங்கள். எபிதீலியத்துக்கு அடியில் இருக்கும் அடித்தளச் சவ்வைக் குறிக்க மறக்காதீர்கள், பலர் மார்க்கை விடுவது அங்கேதான்.