ஷ்லீமனை என்ன செய்வது?

பழைய ட்ரோய் நகரைத் தேடித் தோண்டிய ஜெர்மானியர் ஹைன்ரிச் ஷ்லீமனைத் திட்டுவது சுலபம். மனுஷன் அதற்கு நிறையவே இடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1870களில் இன்றைய துருக்கியிலுள்ள ஹிசார்லிக் மேட்டைக் குறுக்கே வெட்டி, தான் தேடிவந்த, கிரேக்கக் கவி ஹோமர் பாடிய ட்ரோயின் அடுக்கையே பெருமளவு வாரி எறிந்தார். 1873இல் கிடைத்த தங்க நகைகளை, ஹோமரின் கதையில் ட்ரோயை ஆண்ட ‘பிரியாம் மன்னரின் புதையல்’ என்றார். அவையோ அந்தக் கதையின் காலத்துக்கும் ஆயிரம் வருடத்துக்கு மேல் முந்தியவை. மனைவி சோபியா அவற்றைச் சால்வையில் மறைத்துக் கொண்டுபோனதாக எழுதினார். சோபியா அப்போது இருந்தது ஏதென்ஸில்!

சரி, ஆனாலும் முழுசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கண்டதை உடனுக்குடன் அச்சில் கொண்டுவந்தார். 1882இல் கட்டடக்கலைஞர் டோர்ப்ஃபெல்டைச் சேர்த்துக்கொண்டதால் அடுக்குகளும் ஓரளவு ஒழுங்காகப் பிரிந்தன.

என் கோபம் கடத்தலில்தான். ஓட்டோமான் அரசுக்குத் தெரியாமல் வெளியேறிய புதையல் பேர்லினுக்குப் போய், 1945இல் சோவியத் படையோடு மொஸ்கோ போனது. இன்றும் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் கொண்டுபோனது திரும்பி வருவதும் உண்டு: 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையடித்த லெவ்கே பீரங்கி 2023இல் நெதர்லாந்திலிருந்து நம் கொழும்பு நூதனசாலைக்குத் திரும்பிவிட்டது. பார்க்கப் போகிறவர்கள் சொல்லுங்கள், வெள்ளவத்தையிலிருந்து நானும் வருகிறேன்.