ஹெடரில் வைத்த பூட்டு

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மணலிப் பக்கம் இருக்கும் எடைமேடையிலிருந்து போன் வந்தது. "இன்னா தம்பி, நேத்து காலியா 12 டன் காட்ன வண்டி இன்னிக்கி 11 சொச்சம் காட்டுது. டிரைவர் என்னப் பாத்து சிரிக்கிறான்" என்றார் அங்கே சீட்டு அடிக்கும் பெரியவர். எடையை உணரும் லோடு செல்லில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். செல்லில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு நான் ஒரு மாதத்துக்கு முன் பெருமையோடு செய்து முடித்த வேலையில் இருந்தது.

நான் இருப்பது திருவொற்றியூரில் எட்டுப் பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. வண்டியை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே எடை போடும் மேடைகளுக்கு கம்ப்யூட்டரில் செருகும் கார்டு செய்கிறோம். எண்ணூர், மணலி சாலைகளில் கன்டெய்னர் வண்டிகள் வால் பிடித்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் நிறுத்தாமல் எடை போட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. கார்டு அளவுகளை டிஎம்ஏ மூலம், அதாவது ப்ராசசர் இடையில் வராமல், தொகுதி தொகுதியாக மெமரியில் கொட்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் 'வந்துவிட்டது' என்று தட்டிச் சொல்லும் ஓர் இன்டரப்ட் வரும், லினக்ஸில் கார்டை இயக்கும் மென்பொருளான எங்கள் டிரைவர் 'எத்தனை தொகுதி காத்திருக்கிறது' என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டும். சீட்டு அடிக்கும் நிரல் அதே மெமரியை எம்மேப் போட்டு, அதாவது தன் முகவரிகளோடு இணைத்துக்கொண்டு, நேரே படிக்கும். படித்து முடித்ததும் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் ஐயோசிடிஎல் அழைப்பு மூலம் சொல்லும், டிரைவர் எண்ணிக்கையைக் குறைக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த டிரைவரை எழுதியவர் பெங்களூருக்குப் போய்விட்டார். விட்டுப்போனது 4,000 வரிக்கு மேல் ஒரே கோப்பு. எந்த மாறியைப் பார்த்தாலும் முன்னால் 'இதை ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி' என்று கம்பைலருக்குச் சொல்லும் ஒரு 'வாலட்டைல்' இருக்கும், திருஷ்டிப் பொட்டு மாதிரி. ஒரு மாறியை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொட விடும் பூட்டு சரியாக இருந்தால் வாலட்டைல் தேவையே இல்லை, பெரும்பாலும் அது தப்பை மறைக்கத்தான் உதவும் என்று லினக்ஸின் மையமான கெர்னலோடு வரும் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. சரி, இதைப் பிரித்து ஒழுங்குபடுத்துவோம் என்று மூன்று சி கோப்புகளாக்கினேன். திறப்பது மூடுவது ஒன்றில், டிஎம்ஏவும் இன்டரப்ட்டும் ஒன்றில், அளவுத் திருத்தம் ஒன்றில். பழைய கோப்பின் தலையில் இருந்த எல்லாவற்றையும் வெட்டி பல சி கோப்புகள் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பு ஒன்றில் ஒட்டினேன். ஒரு வார்னிங் கூட இல்லாமல் கம்பைல் ஆனது. அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெட்டி ஒட்டியதில் அந்த எண்ணிக்கையைக் காக்கும் ஸ்பின்லாக் என்ற பூட்டும் இருந்தது, முன்னால் 'ஸ்டாட்டிக்' என்ற சொல்லோடு. ஒரே கோப்பாக இருந்தவரை அது சரி. ஆனால் ஹெடரைச் சேர்க்கும் இன்க்ளூட் என்பது வேறொன்றும் இல்லை, அந்த எழுத்துகளை அப்படியே அந்த இடத்தில் ஒட்டுவதுதான். ஹெடரைச் சேர்த்த ஒவ்வொரு சி கோப்புக்கும் அதே பெயரில் தனித்தனிப் பூட்டு கிடைத்துவிட்டது. கோப்புகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கரும் முணுமுணுக்காது, ஸ்டாட்டிக் என்றால் கோப்புக்குள்ளேயே இருப்பது என்றுதானே அர்த்தம்.

நான் சின்ன வயதில் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில், ஆறு குடித்தனம் இருந்த வீட்டில். குளியலறை ஒன்றுதான், அதற்குக் கதவு இரண்டு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முன்பக்கமாக நுழைந்தவர் முன்கதவை மட்டும் தாழ்போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். பின்பக்கத்து ஆள் சொம்போடு வந்து நிற்பார். என் டிரைவரில் நடந்ததும் இதேதான். இன்டரப்ட் பக்கம் ஒரு பூட்டைப் பூட்டிக்கொண்டு கூட்டியது, ஐயோசிடிஎல் பக்கம் வேறொரு பூட்டைப் பூட்டிக்கொண்டு கழித்தது. இரண்டும் ஒரே நொடியில் மோதினால் ஒரு கூட்டல் காணாமல் போகும். அப்புறம் ஒரு தொகுதி படிக்கப்படாமல் தங்கிவிடும். முந்தின வண்டியின் வால் அடுத்த வண்டியின் தலையில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் நிரல் முதல் தொகுதியைத்தான் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதனால் எடை குறைந்து வந்தது.

இதை எழுதுவது சுலபம், கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. பட்டறையில் சோதனைக்கு வைத்திருந்தது ஒரே கோர் கொண்ட பழைய பெட்டி. அதில் இன்டரப்ட்டை நிறுத்திவிட்டுப் பூட்டும் வகையைப் பயன்படுத்தினால், பூட்டு எத்தனை இருந்தாலும் மோதவே மோதாது, இன்டரப்ட் நின்றதே போதும். மணலியில் இருந்தது நான்கு கோர் பெட்டி. நான் இங்கே உட்கார்ந்து இரவு முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பூட்டுத் தப்புகளைப் பிடிக்கும் கெர்னல் வசதியான லாக்டெப்பும் வாய் திறக்கவில்லை. பூட்டுகளை எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதை அது பார்க்கும், எந்தப் பூட்டு எந்தத் தரவுக்கு என்று அதற்குத் தெரியாது.

காட்டிக்கொடுத்தது, கம்பைல் ஆன கோப்பில் இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் 'என்எம்' என்ற சாதாரணக் கருவி. வேறு எதையோ தேடி டிரைவர் மாட்யூலை அதில் போட்டேன். பூட்டின் பெயர் இரண்டு வரியில் இருந்தது, இரண்டுக்கும் முன்னால் ஆங்கிலச் சின்ன எழுத்து, அதாவது கோப்புக்குள் மட்டும். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான்கு கோர் பெட்டியில் இப்படிப்பட்ட மோதல்களைத் தேடும் கேசிசான் சேர்த்து கெர்னலைக் கட்டி ஓட்டியதும் மோதும் இரண்டு இடங்களையும் வரி எண்ணோடு காட்டியது. 2020இல் வந்த 5.8 பதிப்பிலிருந்தே கெர்னலில் இருக்கும் வசதி அது. முதல் நாளே ஓட்டியிருக்கலாம்.

வேறொரு கோப்பில் இருக்கிறது என்று சொல்லும் 'எக்ஸ்டர்ன்' போட்டு ஹெடரில் அறிவித்து ஒரே ஒரு சி கோப்பில் பூட்டை வைத்தால் பிரச்சினை தீரும். ஆனால் ஒரு பெட்டியில் இரண்டு கார்டு செருகினால் இரண்டுக்கும் ஒரே பூட்டு ஆகிவிடும். அதனால் கார்டுக்கு ஒன்றாக இருக்கும், பல மாறிகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஸ்ட்ரக்டுக்குள், அது காக்கும் மாறிகளுக்குப் பக்கத்திலேயே பூட்டை வைத்தேன், கார்டு கண்டுபிடிக்கப்படும்போது உயிர் கொடுத்தேன். மேலே ஒரு வரி குறிப்பு: இன்னின்ன மாறிகளைத் தொட இந்தப் பூட்டு வேண்டும். ஹெடரில் இனி ஸ்டாட்டிக் இன்லைன் என்ற சின்னச் செயல்பாடுகள் தவிர வேறு எந்த ஸ்டாட்டிக்கும் கிடையாது.

சூடு பட்ட பூனையாக ஹெடரையும் மூன்றாக உடைத்தேன். கார்டின் ரிஜிஸ்டர் முகவரிகள் ஒன்று. டிரைவரின் சொந்த விஷயங்கள் ஒன்று, அது டிரைவர் இருக்கும் அதே டைரக்டரியில்தான், பொது இன்க்ளூட் டைரக்டரிக்குள் போகாது. மேலே ஓடும் சீட்டு அடிக்கும் நிரலும் சேர்க்க வேண்டிய ஸ்ட்ரக்டும் ஐயோசிடிஎல் எண்களும் மூன்றாவது. கெர்னலிலேயே 2012இல் 3.7 பதிப்பில் இப்படித்தான் பிரித்தார்கள், நிரல்களோடு பகிரும் ஹெடர்களுக்கு யூஏபிஐ என்று தனி டைரக்டரி வந்தது அப்போதுதான்.

மூன்றாவது ஹெடரில்தான் அடுத்த அடி விழுந்தது. ஒரு பழைய எடைமேடையில் பெட்டி மாறி 64 பிட் கெர்னல் வந்தது. சீட்டு அடிக்கும் நிரல் மட்டும் பழைய 32 பிட். எந்த ஐயோசிடிஎல் போட்டாலும் 'இந்தக் கருவிக்குப் பொருந்தாத அழைப்பு' என்ற எனோட்டிடிஒய் பிழை. ஸ்ட்ரக்டில் முதலில் ஒரு 32 பிட் எண், அடுத்து ஒரு 64 பிட் நேரம். 32 பிட் இன்டெல்லில் 64 பிட் எண் 4 பைட் எல்லையில் உட்காரும், மொத்தம் 12 பைட். 64 பிட்டில் 8 பைட் எல்லை வேண்டும், நடுவில் 4 பைட் காலியிடம் விழுந்து 16 ஆகிவிடும். ஐயோசிடிஎல் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவும் அடங்கியிருப்பதால் இரண்டு பக்கமும் வெவ்வேறு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தன. இப்போது பெரிய எண்களை முதலில் வைக்கிறேன், காலியிடத்துக்கும் பெயர் கொடுத்து பூஜ்யம்தானா என்று சோதிக்கிறேன், அளவு 16 இல்லையென்றால் கம்பைலே ஆகாதபடி ஒரு வரி போட்டிருக்கிறேன். பஹோல் கருவி காலியிடங்களைக் காட்டும்.

எம்மேப்பில் ஒரு சின்னத் திருத்தம். டிஎம்ஏ மெமரியின் முகவரியைத் தானே கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார் பழைய ஆள். இன்டெல்லில் ஓடியது, ஆர்ம் ப்ராசசர் போர்டில் பழைய அளவுகளே திரும்பத் திரும்ப வந்தன. அதற்கென்றே கெர்னல் வைத்திருக்கும் எம்மேப் அழைப்புக்கு மாற்றினேன், சரியானது.

அப்புறம்தான் அந்த வெட்கக்கேடு. யார் எதை எழுதலாம் என்று வெள்ளைத்தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். கொட்டும் இடத்தைச் சொல்லும் 'ஹெட்' டிரைவர் மட்டும் எழுதுவது. படித்த இடத்தைச் சொல்லும் 'டெயில்' மேலே இருக்கும் நிரல் மட்டும் எழுதுவது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எத்தனை காத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கை மாறியே வேண்டியதில்லை! ஒன்பது நாள் தேடியது தேவையே இல்லாத ஒரு மாறிக்கான பூட்டை. ஹெட்டை எழுதும்போது ரிலீஸ் (முன்னால் எழுதியதெல்லாம் முதலில் தெரியட்டும்), படிக்கும்போது அக்வயர் (பின்னால் படிப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்), டெயிலுக்கும் அப்படியே, தரவு வந்து சேரும் முன் எண் தெரிந்துவிடக் கூடாதல்லவா. ஒரு எச்சரிக்கை: டெயில் இருக்கும் மெமரிப் பக்கத்தில் மேலே இருக்கும் நிரல் எதை வேண்டுமானாலும் எழுதும். அதனால் டிரைவர் அதை ஒரே ஒரு முறை படித்துத் தன்னிடம் நகல் எடுத்து, எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நம்புகிறது. பூட்டு இப்போது கார்டை மீட்டமைப்பதற்கு (ரீசெட்) மட்டும்தான்.

மணலிப் பெரியவர் அதற்குப் பிறகு எடை விஷயமாகக் கூப்பிடவில்லை, பிரிண்டர் ரிப்பன் விஷயமாகத்தான் கூப்பிடுகிறார். அந்த 32 பிட் நிரல் மட்டும் ஒரே ஓர் இடத்தில் இன்னும் ஓடுகிறது. அதற்காக 12 பைட் பழைய ஸ்ட்ரக்டைப் புரிந்துகொள்ள டிரைவரில் ஒரு 40 வரி தனியாகக் கிடக்கிறது. உரிமையாளர் பொங்கலுக்குள் மாற்றிவிடுகிறேன் என்றிருக்கிறார். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை.