தேங்காய் வறுபடும் நிறம்

2024 அக்டோபர் 6, ஞாயிறு

இன்றும் பருப்பு வேகவில்லை. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் அடுப்பில் கிடந்தும் துவரம்பருப்பு மணி மணியாக நிற்கிறது, மசிய மாட்டேன் என்கிறது. ஜெர்மனியில் இந்த வூர்ட்ஸ்பூர்க் ஊர்த் தண்ணீர் அப்படி. கெட்டில் அடியில் வாரா வாரம் சுண்ணாம்பு வெள்ளை ஏடாகப் பெயர்ந்து வருகிறது. அதுதான் பருப்பையும் இறுக்கிப் பிடிக்கிறது. போதாததற்கு நான் புளியையும் முதலிலேயே ஊற்றிவிட்டேன். புளி பட்டால் பருப்பு வேகாது என்று எத்தனை தடவை காதில் விழுந்திருக்கும்! அப்போது அடுக்களைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

கடை எல்லாம் மூடல். ரொட்டி.

அக்டோபர் 8

அப்பா போன் பண்ணினார். அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி தொடங்கி மூன்றாவது நாள். ஒன்றிலிருந்து இருபது வரை அம்மா தடங்கலே இல்லாமல் சொன்னாளாம். திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் கடகடவென்று வந்ததாம். எதிரே இருந்த தம்ளரைக் காட்டி இது என்ன என்று கேட்டால் மட்டும், "அது... அது..."

நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. திரும்பச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை.

அக்டோபர் 9

இட்லி, சாம்பார் எல்லாம் பிறகு. முதலில் உள்ளித்தீயல், சின்ன வெங்காயமும் வறுத்தரைத்த தேங்காயும் சேர்ந்த அம்மாவின் புளிக்குழம்பு.

அக்டோபர் 12

ஸ்டேஷன் பக்கத்து ஏசியன் கடைக்குப் போனேன். மல்லி, வத்தல், வெந்தயம், ஒரு கட்டிப் புளி. ஃப்ரீசரில் தேங்காய்த் துருவல் தீர்ந்திருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் கேக்குக்குப் போடுகிற உலர்ந்த துருவல்தான் கிடைத்தது, 200 கிராம் பாக்கெட். உள்ளிக்குப் பதில் ஷாலட், ஒவ்வொன்றும் நம் உள்ளி நாலு சேர்ந்த அளவு. காய்ந்த கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

அம்மாவை வீடியோவில் வைத்துக்கொண்டு வறுத்தேன். அப்பா போனைப் பிடித்திருந்தார். தலையணையில் சாய்ந்திருந்தாள், வலது கை மடியிலேயே கிடந்தது.

ஊரில் பச்சைத் தேங்காயைத் துருவி வறுத்தால் இருபது நிமிஷம் ஆகும். ஈரம் வற்றி, பிறகு பொன்னிறம், பிறகு சிவப்பு, அதற்கப்புறம் அந்த நிறம். வீடே மணக்கும். இந்த உலர்ந்த துருவலில் வற்றுவதற்கு ஈரமே கிடையாது. மூன்றாவது நிமிஷம் பொன்னிறம், நாலாவது நிமிஷம் ஓரமெல்லாம் கருப்பு. அடுப்பை அணைத்தேன், ஆனால் கண்ணாடி அடுப்பு அணைத்த பிறகும் சுட்டுக்கொண்டே இருக்கிறது. சட்டியைத் தூக்கியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

போனை சட்டிக்கு மேலே பிடித்து, "இது போதுமாம்மா?" என்றேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. இன்னும் வறுக்கவா, கூடிப்போச்சா? இடது கையைத் தூக்கினாள், தாழ்த்தினாள். பிறகு மெதுவாக, "கொட்ட."

கீழே கொட்டச் சொல்கிறாளா? அப்பா, "பலாக்கொட்டையா? கொல்லாங்கொட்டையா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. மறுபடியும் "கொட்ட." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான் வேண்டுமென்றே வேறு பேச்சை எடுத்தேன்.

வறுத்ததைக் கொட்டத்தான் வேண்டியிருந்தது.

அக்டோபர் 14

அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். மீட்டிங்கில் என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்களாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

பருப்பு வெந்தது! பாட்டில் தண்ணீர், இரவு முழுக்க ஊறல், புளியும் உப்பும் கடைசியில். கரண்டியால் ஒரு அழுத்து அழுத்தினேன், வெண்ணெய் மாதிரி போயிற்று. நின்றுகொண்டே ஒரு கிண்ணம் சாப்பிட்டேன்.

தீயல் இல்லை. கையில் பிடித்து அரைக்கிற பிளெண்டரில் வறுத்த தேங்காய் திப்பி திப்பியாக நிற்கிறது. மிக்ஸி வாங்க வேண்டும்.

அக்டோபர் 21

காமிராவில் நிறம் மாறுகிறது. இன்றுதான் பார்த்தேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஒரே துருவல் என் கண்ணுக்குச் செம்பழுப்பு, திரையில் வெறும் காவி. போன் அதுவாகவே வெள்ளையைச் சரி பண்ணுகிறது. அப்படியென்றால் அன்றைக்கு அம்மா பார்த்தது எந்த நிறத்தை?

அக்டோபர் 27, ஞாயிறு

கடிகாரம் ஒரு மணி பின்னால் போயிற்று. நேற்று வரை ஊருக்கும் எனக்கும் மூன்றரை மணி நேரம், இன்றிலிருந்து நாலரை. ஒன்பது மணிக்கு அம்மா தூங்கிவிடுவாள். வேலை நாளில் இனி பேசவே முடியாது.

அக்டோபர் 31

தீபாவளி. இங்கே வியாழக்கிழமை, ஆபீஸ். அக்காதான் அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாளாம்.

நவம்பர் 1

பவேரியாவில் லீவு, அனைத்துப் புனிதர் நாள், கல்லறைகளில் கூட்டம். கடை இல்லை. இருக்கிறதை வைத்து ரசம் வைக்கலாம் என்று புளியை ஊறவைத்தேன். கரைக்கும்போது விரலில் எதுவோ வழுக்கியது. கொட்டையில்லாப் புளி என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. ஆனாலும் ஒன்று உள்ளே இருந்திருக்கிறது.

கழுவி உள்ளங்கையில் வைத்தேன். செம்பழுப்பு, ஓரத்தில் கருமை ஏறி, பளபளவென்று.

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுத் தீயலேதான் அது.

ரசம் வைக்கவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மதியம் ஒரு மணிக்குக் கூப்பிட்டேன். ஒன்றும் பேசாமல் புளியங்கொட்டையைக் காமிராவுக்கு நேரே பிடித்தேன்.

அம்மா இடது கையால் கட்டிலைத் தட்டினாள். இரண்டு தடவை. "ஆ. அது." இந்த முறை அது தேடுகிற 'அது' இல்லை. அப்பா ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

பிறகு இன்னொரு சொல்லுக்கு முயன்றாள். உதடு குவிந்தது, நின்றது, மறுபடி முயன்றாள். "எண்ண."

"எண்ணெயாம்மா?" என்றேன். தலை ஆடியது, ஆமா என்றா இல்லை என்றா தெரியவில்லை. "களைச்சிட்டா மக்ளே, பொறவு பேசு" என்றார் அப்பா.

சாயங்காலம் கொட்டையை அடுப்பு மேடையில் வைத்து, சட்டியை அதன் பக்கத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து வறுத்தேன். சூடு பாதி. நிறம் நெருங்கும்போதே சட்டியைத் தூக்கிவிட்டேன். கருகவில்லை.

எண்ணெயா? இன்னும் ஊற்றவா, இல்லை எண்ணெய் பிரிகிற வரை அரைக்கவா? இல்லை, எண்ணச் சொல்கிறாளா? எண்ணிக்கொண்டேதான் வறுப்பாளோ, இத்தனை வருஷமும்? எது வரைக்கும்?

இங்கே மணி ஆறரை. அங்கே பதினொன்று. துருவல் பாதி பாக்கெட் மிச்சம் இருக்கிறது.