தூபிக்குள் தூபி

பாகிஸ்தானில் இருக்கும் சுவாத் பள்ளத்தாக்கின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி தூங்கவே இல்லை. நம் காஞ்சிபுரம் வரை வந்த அதே சீனத் துறவி யுவான் சுவாங், 7-ஆம் நூற்றாண்டில் அங்கும் போயிருக்கிறார். ஆற்றின் இரு கரையிலும் முன்பு 1,400 புத்த விகாரங்கள் இருந்தன, இப்போது பாழ் என்று எழுதி வைத்தார். எந்த ஊரிலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதும் உண்டு. அந்தக் குறிப்புகளோடுதான் 1926-இல் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் அந்த இடங்களைத் தேடி மலை மலையாக நடந்தார்.

அப்புறம் 1956-இல் ஜூசெப்பே தூச்சியின் இத்தாலியக் குழு அதே பள்ளத்தாக்கில் உள்ள புத்கராவில் தோண்டியது. புத்த நினைவுச் சின்னமான பெரிய தூபிக்குள் இன்னொரு தூபி, அதற்குள் இன்னொன்று! பழசை இடிக்காமல், அப்படியே மூடி, அதன் மேலேயே பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். வெங்காயத் தோல் மாதிரி வட்டத்துக்குள் வட்டம். அந்தப் படத்தை இன்னும் மூடி வைக்க மனசு வரவில்லை.