பெரணிக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான்

வானிலை நிலையங்கள் காற்றின் வெப்பநிலையைத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், நிழற்கூண்டுக்குள் வைத்து அளக்கின்றன. நான் கவனித்துவரும் பெரணியோ ஒரு சாண் உயரம்கூட இல்லை. அதனடியில் இருக்கும் பாசி விரல் தடிமன்தான். அவற்றுக்கு என்ன வெயில், என்ன குளிர் என்று அந்த உயரத்து எண் எப்படிச் சொல்லும்? அதற்காகத்தான் வெப்பநிலையைத் தானே அளந்து பதிந்துவைக்கும் ஐபட்டன்கள் வாங்கினேன்.

சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய எஃகு டப்பி. குறுக்கே 17 மில்லிமீட்டர், தடிமன் 6. மின்கலம், கடிகாரம், நினைவகம் எல்லாம் உள்ளேயே. என்னிடம் இருப்பது டிஎஸ்1922எல் என்ற மாதிரி. அரை டிகிரி நுணுக்கம் போதுமென்றால் 8,192 அளவீடுகள் கொள்ளும், 0.0625 டிகிரி வேண்டுமென்றால் பாதிதான். நான் நுணுக்கத்தைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தேன். 28 நாளில் நிரம்பிவிடும்.

கிளம்புமுன் எல்லாப் பொத்தான்களையும் பையில் கட்டி, நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் அமிழ்த்தினேன். எல்லாம் 0 டிகிரி காட்ட வேண்டும். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. ஒரு பாறையின் இரு பக்கங்களை ஒப்பிடும்போது, பொத்தான்களுக்குள் இருக்கும் வேறுபாடு செடிகளின் வேறுபாடாகத் தோன்றிவிடும்.

பாசிக்குள் புதைத்த பொத்தானின் வெப்பநிலைக் கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. பெரணித் தண்டருகே கட்டியது அப்படியில்லை. மேகமில்லாத நாட்களில் மட்டும், முற்பகலில் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஊசிபோல் எழும்பி விழுந்தது. ஒரு நாள் அந்த நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். மேலிருந்த இலையிடுக்கின் வழியே உள்ளங்கையளவு வெயில் இறங்கி, பாறையில் நகர்ந்து, நேராகப் பொத்தான்மேல் வந்து நின்றது. எஃகு பளபளத்தது. இலை நீராவி விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும்; எஃகுக்கு அது ஏது? நான் பதிந்துவைத்தது காற்றின் சூடும் இல்லை, இலையின் சூடும் இல்லை, டப்பியின் சூடு.

இப்போது பக்கவாட்டில் காற்றோட்டம் விட்டு, வெள்ளைக் கூரை ஒன்று போடுகிறேன். காற்றே அசையாத வேளையில் கூரையும் சூடேறும் என்பதால் முழுத் தீர்வில்லை. காற்றின் சூட்டை மட்டும் அளக்க மெல்லிய தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த வெப்பமானி) கம்பிதான் மேல். அது வெயிலைக் குறைவாக வாங்கி, சூட்டைச் சட்டென்று காற்றிடம் விட்டுவிடும்.

அந்த முதல் கோப்பின் ஊசிகளை நான் அழிக்கவில்லை. அவற்றின் உயரத்தை நம்ப முடியாது. ஆனால் பெரணிக்கு அன்றைய வெயில் எத்தனை மணிக்கு வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.