‘நே’ என்றால் சம்மதம் அல்ல

கொரியர் ஒருவர் பேசும்போது எதிரே இருப்பவர் வாய்மூடிக் கேட்பது அரிது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை ‘நே’, அதாவது ‘ஆமாம்’, என்பார். கொஞ்சம் போனதும் ‘ஆ, நே’ என்பார். செய்தி வருத்தமானது என்றால் குரல் தாழ்ந்து அதே ‘நே’ இழுபடும். பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியில் பேசினால் நமக்குக் காதில் விழுவது பெரும்பாலும் ‘நே, நே, நே’ மட்டும்தான். புதிதாக வருகிற நம்மவர்கள் இதைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேலையிடத்துச் சிக்கல்களில் பாதி அந்த முடிவிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் வேலை பார்த்தது சாங்வோனில். புசானுக்கு மேற்கே, 1970களில் அரசு இயந்திரத் தொழிலுக்கென்று வளாகம் அமைத்ததால் வளர்ந்த நகரம் அது. வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு என்னுடையது. உற்பத்தி வரிசையில் கொரியர்களோடு நேபாளம், வியட்நாம், இலங்கை இளைஞர்களும் இருந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகக் கொரியா 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் வந்தவர்கள். அந்தத் திட்டத்தில் இந்தியா இல்லை, இலங்கை உண்டு. அதனால் வவுனியாப் பக்கத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த தமிழ்ப் பையன்கள் சிலர் எனக்குத் துணையாக அமைந்தார்கள். கொரிய மொழித் தேர்வில் தேறி வந்தவர்கள், சொற்கள் தெரிந்தவர்கள். எந்தச் சொல்லை யாரிடம், எந்தக் குரலில் சொல்வது என்பதை மட்டும் தொழிற்சாலைத் தளம்தான் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருந்தது.

முதலில் ஒலியைச் சொல்லிவிடுகிறேன். ‘நே’ என்று எழுதினாலும் பல வாய்களில் அது ‘தே’ போலவே கேட்கும். சொல்லின் முதலில் வரும் மெல்லொலி கொரியப் பேச்சில் அப்படி மாறிவிடுவது வழக்கம். இதற்கு ‘யே’ என்றொரு இணைச்சொல்லும் உண்டு. மூத்தவர்களும் மேலதிகாரி முன் விறைப்பாக நிற்கிறவர்களும் அதைச் சொல்வார்கள். ஒருகாலத்தில் ‘யே’ மட்டுமே தரமான சொல்லாகக் கருதப்பட்டது. 1988இல் வந்த மொழி விதிகள்தான் இரண்டையும் சமமாக ஏற்றன.

இவற்றுக்குக் கீழே ‘உங்’ இருக்கிறது. நண்பனிடமும் தன்னைவிட இளையவரிடமும் மட்டும் சொல்லும் ‘ஆமாம்’ அது. தமிழருக்கு ஆபத்து இங்கேதான். யாராவது பேசினால் ‘ம்’ கொட்டிக் கேட்பது நமக்குப் பிறவியிலேயே வந்தது; அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. வவுனியாப் பையன் ஒருவன், ஐம்பது தாண்டிய பன்ஜாங், அதாவது வரிசைத் தலைவர், பிரஸ் இயந்திரத்தின் அச்சை மாற்றும் முறையை விளக்கும்போது முழு அக்கறையோடு ‘ம், ம்’ என்று தலையாட்டினான். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். விளக்கத்தைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு என்னிடம், “அந்தப் பையனுக்குப் பேச்சு குட்டையாக இருக்கிறதே” என்றார். மரியாதை விகுதி வைக்காமல் பேசுகிறவர்களைக் கொரியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பையனிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. “அண்ணா, நான் கவனமாகக் கேட்கிறேன் என்று காட்டத்தானே அப்படிச் செய்தேன்” என்றான். அது உண்மை. அந்த உண்மையைப் பன்ஜாங்கிடம் எடுத்துச் சொன்னது என் வேலைகளிலேயே பயனுள்ள ஒன்று என்று இன்றும் நினைக்கிறேன். அடுத்த வாரம் அவரே அவனைக் கூப்பிட்டு மீதியைக் கற்றுக்கொடுத்தார்.

கொங்கு நாட்டுக்காரருக்கு இந்த விகுதி விஷயம் சட்டென்று பிடிபட்டுவிடும். ‘ஆமாங்க’, ‘சரிங்க’, ‘இல்லைங்க’ என்று நாம் ஒட்டும் ‘ங்க’ செய்கிற வேலையைத்தான் கொரிய மொழியில் வாக்கியத்தின் முடிவில் வரும் ‘யோ’ செய்கிறது. அதை விட்டால் சொல் சரியாக இருந்தும் மரியாதை போய்விடும்.

ஒப்புக்கொள்ளும் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘குரோகேயோ’. ‘மஜாயோ’ என்றால் நீங்கள் சொல்வது சரி. ‘குரோச்சோ’ என்றால் அப்படித்தானே, எனக்கும் தெரியும். ‘குரோனிக்காயோ’ இன்னும் அழுத்தம்: அதைத்தானே நானும் சொல்கிறேன். ‘குரோகேயோ’ இவை எதுவும் இல்லை. உணவுக் கூடத்தில் ஒரு குவாஜாங், பிரிவு மேலாளர், தட்டை வைத்துவிட்டு “இந்த மாதமும் சனிக்கிழமை வேலை” என்று பெருமூச்சு விடுவார். எதிரே இருப்பவர் “குரோகேயோ” என்பார். ‘ஆமாம், பாருங்களேன்’ என்பது போல ஒன்று. நிர்வாகத்தைக் குறை சொன்னதாக ஆகாது. மேலாளரைத் தனியே புலம்ப விட்டதாகவும் ஆகாது. அவர் மனச்சுமையின் ஒரு நுனியை இவரும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ‘மஜாயோ’வை மேலதிகாரியிடம் சொன்னால் சிலருக்குச் சற்று உறுத்தும். சரி, தவறு என்று மதிப்பிட நீ யார் என்ற எண்ணம் உள்ளே எழுமாம். ‘குரோகேயோ’வில் அந்தத் தொல்லை இல்லை.

இது வெறும் அலுவலகப் பணிவு என்று நினைப்பவர்கள் ஒருமுறை பான்சோரி கேட்க வேண்டும். ஒரு பாடகர், ஒரு மேளக்காரர், மணிக்கணக்கில் நீளும் கதைப்பாட்டு. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மேளக்காரர் ‘ஓல்ஷிகு’ என்றும் ‘சோத்தா’ என்றும் குரல் கொடுப்பார். ‘குரோச்சி’ என்பதும் உண்டு. உணவுக் கூடத்து ‘குரோச்சோ’வின் உறவுக்காரச் சொல். சபையில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ‘முதலில் மேளக்காரர், அடுத்துத்தான் பாடகர்’ என்று அங்கே ஒரு வழக்கே இருக்கிறது. பேசுகிறவரைத் தாங்கிக்கொண்டு போவது கேட்கிறவரின் வேலை என்ற எண்ணம் அங்கே பழையது. சாங்வோன் கூட்ட அறையில் நான் கேட்ட ‘நே’க்களும் அந்த வேலையைத்தான் செய்தன: கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள். சொன்னதை ஏற்கிறேன் என்பது அதற்குள் தானாக அடங்கிவிடாது.

வட்டார வழக்கு இன்னொரு அடுக்கு. சாங்வோன் இருக்கும் கியோங்சாங் பகுதியில் நண்பர்கள் பேச்சுக்குப் பேச்சு ‘மன்னா’ என்பார்கள். ‘உண்மையா?’ என்று கேட்கும் வடிவம். அவர்கள் சொல்வதோ ‘ஓ, அப்படியா’ என்ற அர்த்தத்தில். சியோலிலிருந்து மாற்றலாகி வந்த பொறியாளர் ஒருவர், ‘உண்மைதான் என்கிறேன், திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே’ என்று என்னிடம் நொந்துகொண்டார். கொரியருக்கே அந்த நிலை என்றால் எங்கள் பையன்கள் குழம்பியதில் வியப்பில்லை. பக்கத்து ஊரான ஜிஞ்சுவிலிருந்து வருகிறவர்கள் ‘ஹாமோ’ என்பார்கள். ‘பின்னே, சந்தேகமா’ என்ற பொருள். அந்த ஊர் நகராட்சி தன் நீர்நாய்ச் சின்னத்துக்கே ஹாமோ என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. முதன்முதலில் கேட்ட மட்டக்களப்புப் பையன், “அண்ணா, இவர் ‘ஆமா’ என்கிறார்!” என்று துள்ளினான். ஒலி ஒத்துப்போவதை வைத்து வரலாறு கட்ட நான் தயாரில்லை. ஆனால் அன்று முதல் அவனும் அந்த ஜிஞ்சுக்காரரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் ‘ஹாமோ’, ‘ஆமா’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

கொரியர்கள் பயன்படுத்தும் செய்திச் செயலியான காக்காவோடாக்கில் ‘நே’ மட்டும் அனுப்பினால் முகம் கொடுக்காமல் பேசுவதுபோல் தோன்றுமாம். அதனால் எல்லோரும் ‘நெப்’ என்று அனுப்புகிறார்கள்; சுறுசுறுப்பாகப் பதில் சொன்ன தோற்றம் அதில் இருக்கிறது. இரவு பத்து மணிக்குக்கூட ‘நெப்’ என்று அனுப்பிக்கொண்டே இருப்பதற்கு அவர்களே ‘நெப் நோய்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி, நான் உண்மையில் கவலைப்பட்ட விஷயம். எதிர்மறைக் கேள்வி. “கேஜ் (அளவு பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்கவில்லையா?” என்று கொரிய மொழியில் கேட்டால், பார்க்காதவர் ‘நே’ என்பார். நீங்கள் சொன்னது சரி, பார்க்கவில்லை என்று பொருள். பார்த்தவர் ‘அனியோ’ என்பார். அப்படியில்லை, பார்த்துவிட்டேன் என்று பொருள். கேள்வியில் இருக்கும் கூற்றோடு ஒத்துப்போகிறோமா என்பதே அங்கே கணக்கு. தமிழில் நமக்கு நாக்கில் முதலில் வருவது ‘இல்லை’, அதாவது பார்க்கவில்லை. அந்த ‘இல்லை’யை அப்படியே ‘அனியோ’ ஆக்கிச் சொன்னால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

ஒருநாள் அப்படித்தான் ஆயிற்று. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஷிப்ட் ஏறும் நேரம் அது. பன்ஜாங் கையுறையை மாட்டியபடியே இந்தக் கேள்வியைக் கேட்டார். பையன் உள்ளதை உள்ளபடி ‘அனியோ’ என்றான். அவர் ‘சரி’ என்று தலையசைத்துவிட்டு நகர்ந்தார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் திருப்தி. ஒரு தொட்டி நிறைய பிராக்கெட்டுகள் துளை அளவு பார்க்கப்படாமலே அடுத்த கட்டத்துக்குப் போகத் தயாராக நின்றன. செக் ஷீட்டில் அந்த ஒரு கட்டம் வெறுமையாக இருந்ததைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

மறுப்பும் இங்கே உடன்பாட்டின் உடையில்தான் வரும். “குரோக்கின் ஹன்தேயோ” என்று ஒருவர் தொடங்கினால், ‘நீங்கள் சொல்வது வாஸ்தவம், இருந்தாலும்’ என்று பொருள். அந்த ‘இருந்தாலும்’ பிறகு வாக்கியம் முடியாமலே தொங்கும். “கொம்தோஹே பொகெஸும்னிதா”, பரிசீலித்துப் பார்க்கிறோம் என்று பதில் வந்தால் பெரும்பாலும் நடக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். இதைப் பொய் என்று கோபப்படும் நம் ஊர்ப் பொறியாளர்களைப் பார்த்திருக்கிறேன். கொரியச் சக ஊழியர்கள் யாரும் அதில் ஏமாந்து நான் பார்த்ததில்லை. எதிராளிக்கு முகம் சுண்டாமல் பின்வாங்க இடம் விட்டிருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு.

ஆனால் அச்சு இறங்கும் இடத்தில் இந்த நாகரிகத்தை நம்பி நிற்க முடியாது. அதற்காகப் பையன்கள் ‘நே’ சொல்வதைக் குறைக்கச் சொல்வதும் தவறு. சொல்லாவிட்டால் மனிதர்கள் அவர்களை விட்டு விலகிவிடுவார்கள். மாற வேண்டியது கேட்கிறவர் பக்கம் என்று நான் வாதாடினேன். தணிக்கைக்கு வருகிறவர்கள் வரிசை முன் நின்று “முன்ஜே ஒப்சோ?”, பிரச்சினை ஒன்றும் இல்லையே என்பார்கள். அதற்கு மரியாதையான பதில் ‘நே’ ஒன்றுதான்.

பன்ஜாங்கிடம் கேள்வியைத் திருப்பிப் போடச் சொன்னேன். எத்தனை மணிக்குப் பார்த்தாய், அளவு என்ன வந்தது, எது கஷ்டமாக இருக்கிறது. முதல் நாள் அவருக்கே சங்கடம். விசாரணை செய்வதுபோல் இருக்கிறது என்றார். இருந்தும் கேட்டார். வவுனியாப் பையன் கொஞ்சம் தயங்கி, மூன்றாவது பிரஸ்ஸில் துண்டைப் பொருத்தும் முளை ஆடுகிறது, துண்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வேலை செய்கிறேன் என்றான். எத்தனை நாளாக என்று அவர் கேட்டார். இரண்டு வாரமாக என்றான். அவர் இயந்திரத்தை அங்கேயே நிறுத்திவிட்டுப் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் அனுப்பினார்.