யார் போனுக்கு வருகிறது?

பெங்களூரில் வேலைக்குப் போகும் பெண்களின் வீட்டுச் சுமை என்றாலே மணிக்கணக்குதான் பேச்சு. பொய்யில்லை. நாடு முழுவதும் நடந்த 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் தருகிறார்கள். அதைச் செய்கிற ஆண்கள் 88 நிமிடம். ஆனால் அலுவலகத்தில் பெயரைக் கெடுப்பது நிமிடங்களைவிட அவை வந்து விழும் வேளை.

வேலைக்காரம்மா லீவு, பள்ளி வேன் தாமதம், சிலிண்டர்காரருக்கு ஓடிபி: கணவரும் மனைவியும் ஒரே ஐடி வளாகத்தில் இருந்தாலும் எல்லாம் மனைவியின் போனுக்கே வரும். நியூயார்க் வாடிக்கையாளரின் காலை 9 மணி மீட்டிங் என்பது இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. வீட்டுப்பாடமும் தோசைக்கல்லும் அதே நேரம். மியூட்டில் இருப்பவரின் பெயர் வாடிக்கையாளருக்குப் பழகாது. புரமோஷன் பேச்சில் அது தெரியும்.

சட்டமும் இப்படித்தான் யோசிக்கிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமையைத் தாய்க்கு மட்டும் எழுதிவைத்தது. அப்பா போய்ப் பார்த்தால் என்னவாம்?

கணவர் உதவுவதில்லையா என்று கேட்டால், "மாவு அவர் அரைச்சிடுவார்" என்பார்கள். அரைப்பது கடைசி வேலை. டிசம்பர் குளிரில் எட்டு மணி நேரத்தில் மாவு பொங்காது, பன்னிரண்டுக்கு மேலும் ஆகும். திங்கள் காலை இட்லிக்கு ஞாயிறு மதியமே நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து ஊற வேண்டும். மாலை ஐந்துக்குள் கிரைண்டர் ஓட வேண்டும். உளுந்து இருக்கிறதா என்று வியாழனே பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் அவள் தலையில் இருக்க, அவர் இரவு ஒன்பதுக்கு ஸ்விட்ச் போடுகிறார். காலையில் இட்லி கல். "இனிமே நீயே பாரு." வேலை திரும்பி வந்துவிட்டது.

ஆகவே உளுந்து வாங்குவதிலிருந்து கிரைண்டர் கழுவுவது வரை கணவர் ஒருவரே செய்யட்டும். முதல் நாலைந்து முறை கெடும், நடுவில் புகக்கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் எழுந்து செய்துவிட்டால் மகன் தப்பினான், மருமகளுக்குப் பேச்சு மிச்சம். கேஸ், பள்ளி, அபார்ட்மென்ட் ஆப் மூன்றிலும் முதல் எண்ணைக் கணவருடையதாக மாற்ற அரை மணி நேரம் போதும். மாற்றினாலும் வகுப்பு டீச்சர் பழக்கத்தில் அம்மாவையே கூப்பிடுவார். டைரியில் எழுதிக் கொடுங்கள். அப்படியும் வந்தால் எடுத்து, "அவரைக் கூப்பிடுங்க மேடம்" என்று வைத்துவிடலாம்.